நீலவேணி எழுதிய அலை

குரொய்டனில், வான் வண்டிகளில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கும் தட்டுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில், நீலவேணி சோதனை அறையில் வேலை பார்த்தாள். வான் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் பெட்டி குழம்பித் தட்டைக் கைவிடுகிறது என்று 2004 மார்ச்சில் எழுதிக் கொடுத்தாள்.

தலைமை இன்ஜினியர் பத்ரிநாராயணன் அதை மேலோட்டமாகப் பார்த்தார். "மேசையில பன்னிரண்டு வோல்ட்ல நல்லாத்தானே ஓடுது? சோதனையில தேறிடுச்சுன்னு கையெழுத்துப் போடுங்க."

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போட்டாள். அந்தக் கோடையில் தட்டு விழுந்து ஒரு முதியவரின் கால் முறிந்தது. விசாரணையில் பத்ரி அவளுடைய கையெழுத்தைக் காட்டினார். அவள் எழுதிக் கொடுத்த தாளைக் காணவில்லை. அவளைப் பொதி கட்டும் பகுதிக்குத் தள்ளினார்கள்.

இரண்டு வருடம் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். பத்ரியின் குரல் கேட்டால் டேப்பை இன்னும் இறுக்கி இழுத்தாள்.

"விட்டிட்டு வேற வேலை பாருமன்," என்றான் கணவன் புவனேசன்.

"ஏலாது. அந்தாளை எல்லாருக்கும் முன்னால விழுத்திப்போட்டுத்தான் போவன்."

ஞாயிறுகளில் புவனேசனின் வானில் மின்னழுத்தத்தைத் திரையில் அலையாகக் காட்டும் பழைய ஒசிலோஸ்கோப் ஒன்றை மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் பன்னிரண்டு வோல்ட் சடாரென்று ஆறுக்கு விழுந்து, நடுங்கி நடுங்கி மேலேறியது. எத்தனை வோல்ட், எத்தனை மில்லிசெக்கன் என்று ஒவ்வொரு புள்ளியாகக் கொப்பியில் எழுதினாள். தொழிற்சாலைக்குப் புரோகிராம் செய்யக்கூடிய பவர் சப்ளை ஒன்று வந்திருந்தது. இப்படியொரு பட்டியலைக் கொடுத்தால் அதே வடிவத்தில் மின்சாரம் தரும். சாப்பாட்டு நேரத்தில் அதன் கையேட்டை வரி வரியாகப் படித்தாள்.

2006 அக்டோபரில் ஒரு வான் கம்பனியின் ஆட்கள் புது மாடலைப் பார்க்க வந்தார்கள். அதற்குள்ளும் அதே பழைய சுற்றுதான் இருந்தது. சோதனை அறையில் அவளுடைய இடத்துக்கு வந்த பெனடிக்ற்றுக்கு அன்று காய்ச்சல்.

"நீங்க வந்து பட்டனை மட்டும் அழுத்துங்க. பேச வேண்டாம்," என்றார் பத்ரி.

"ஓம் சேர்."

அவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கொப்பியிலிருந்த பட்டியல் முழுவதையும் பவர் சப்ளையில் ஏற்றிவிட்டாள்.

முதலில் சீரான பன்னிரண்டு வோல்ட். மணல் மூட்டைகளோடு தட்டு அழகாக உயர்ந்தது. பத்ரி சிரித்தார். அடுத்து அவள் தன்னுடைய அலையை ஓட்டினாள். தட்டு ஒரு கணம் திணறியது. பிறகு தடாலென்று விழுந்தது. மூட்டை வெடித்து மணல் பத்ரியின் சப்பாத்திலெல்லாம் கொட்டியது.

"பவர் சப்ளை பழுது," என்றார் அவர் அவசரமாக.

"இல்லை. எந்த வானிலும் சாவியைத் திருப்பினால் வருவதுதான் இது," என்று வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லிக் கொப்பியை நீட்டினாள். "இரண்டு வருடத்துக்கு முன்பே இவரிடம் எழுதிக் கொடுத்தேன்."

ஓர்டர் நின்றது. வெளியே போன பெட்டிகளையெல்லாம் திருப்பி எடுத்தார்கள். பத்ரி ஒரு நாள் படிக்கட்டில் அவளை மறித்தார்.

"முப்பது பேர் பிழைப்பு ஆடிப்போச்சு. இதுல உங்களுக்கு என்ன கிடைச்சுது?"

"அந்த மனுசன் இப்பவும் பொல்லோடதான் நடக்கிறார். அவரைப் போய்க் கேளுங்கோ."

தானும் கையெழுத்துப் போட்டவள்தான் என்பது அவளுக்கு உறுத்தாமல் இல்லை. அதற்காக அவரை மன்னிக்க மனம் வரவில்லை.

நவம்பரில் பத்ரி விலகினார். அன்று மாலை டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நீலவேணி கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டாள். முடித்ததும் இன்னொன்று கொண்டுவரச் சொன்னாள்.