நம்பாதவள் கேட்ட கேள்வி

கடைத்தெருவில் வந்து போட்டோ ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால் நான்கு பேர் யோசிப்பார்கள். பேய் அக்கா கடை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். ஐம்பதைத் தாண்டியவள், ஒண்டிக்கட்டை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, "தாடைய கொஞ்சம் இறக்குங்க, ஆங், அப்படியே" என்று சொல்லிப் படம் எடுப்பாள். எட்டுப் படங்களையும் வெட்டி உறையில் போட்டுக் கொடுக்கும்போது, தலையைச் சாய்த்து ஒரு கேள்வி கேட்பாள். "உங்க வீட்டுப் பக்கம் பேய், ஆவின்னு ஏதாவது நடமாட்டம் உண்டா?"

உண்டு என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மடக்கு நாற்காலியும் பிளாஸ்க் நிறைய டீயும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள்.

வேடிக்கை என்னவென்றால் அவளுக்குக் கடவுள் நம்பிக்கை துளியும் கிடையாது. செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்பாள், யார் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சொல்வாள். "கடவுளே இல்லங்கற ஆளுக்குப் பேய் மேல என்ன இவ்வளவு காதல்?" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் சீண்டாத நாள் கிடையாது. அதற்கு அவளிடம் பதில் தயாராக இருக்கும். "நம்பறவங்க எதுக்குப் போய்ப் பாக்கணும்? அவங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. நம்பாதவ நான்தான் போய்ப் பாக்கணும்."

அதே தையல்காரர் வீட்டில்தான் ஒருமுறை சுவரை யாரோ தட்டுகிறார்கள் என்று குடும்பமே நடுங்கியது. இவள் ஒரு பகல் முழுக்கச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாடிவீட்டில் குழாயைத் திருகி மூடும்போதெல்லாம் சுவருக்குள் இருந்த பழைய பைப் அதிர்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். இன்னொருவர் செல்போனில் எடுத்த படத்தில் ஜன்னலோரம் வெள்ளையாக ஓர் உருவம் இருந்தது. எடுத்தவர் போட்டிருந்த சட்டையே கண்ணாடியில் விழுந்திருந்தது. ஒரு விடுதியில் மட்டும் கதவு தானாகத் திறந்ததற்கு இவளால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கு ஞாயிறு போனாள். கடைசியில் "தெரியல" என்று சொல்லிவிட்டு வந்தாள். விடுதிக்காரருக்கு ஏமாற்றம். அவளுக்கோ அந்தத் "தெரியல" மேல் தனிப் பெருமை.

இப்படிப்பட்டவளுடைய தம்பிதான் குரலம்மாவிடம் போய் விழுந்தான்.

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் ஊசி ஏற்றி, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதோடு போகவில்லை அவன் கஷ்டம். எட்டு வயது மகளை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவளும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ஊசி என்றாலே கட்டிலின் மூலைக்குப் போய்ச் சுருண்டுகொள்வாள்.

ஒரு மத்தியானம் தம்பி மனைவி மூச்சிரைக்க ஸ்டுடியோவுக்கு வந்தாள். "அண்ணி, அவரு ரெண்டு தடவையா ஆஸ்பத்திரிக்குப் போகல. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. இன்னொரு தடவை விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறிடும்னு டாக்டரம்மா கத்தறாங்க."

"ஏன் போகலையாம்?"

"பாப்பா வேணாம்னு சொல்லிட்டாளாம்."

டயர் கடை மாடியில் ஒரு பெண் இருந்தாள். செத்தவர்கள் அவள் தொண்டை வழியாகப் பேசுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் குரலம்மா. அவளிடம் தம்பி ஒரு மாதமாகப் போய்வருகிறான். போன வாரம் அவள் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைக் குரலில், "ஊசி வேணாம்ப்பா. உனக்குக் குத்துனா எனக்கு வலிக்குது" என்றாளாம். அன்றோடு ஆஸ்பத்திரி நின்றது.

கடையைப் பாதியில் மூடிக்கொண்டு அக்கா கிளம்பினாள். தம்பி கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது. ஆனாலும் அவள் வாய் சும்மா இருக்காதே.

"உன் கையப் பாருடா, வரிசையா ஊசித் தடம். அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு அந்தம்மா முன்னாடி உட்காந்தா, ஊசியப் பத்திப் பேசாம வேற எதப் பத்திப் பேசுவாங்க?"

"பாப்பா குரல்ல பேசறாளேக்கா."

"குழந்தைக் குரல்ல யார் வேணாலும் பேசலாம்."

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "நீ எல்லார் வீட்டுக்கும் போய்க் குழாய்னு சொல்லிட்டு வருவ. என் பொண்ணும் உனக்குக் குழாய்தானா?"

சுருக்கென்று தைத்தது. சமையலறைக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுது கெஞ்சினால் அவன் கேட்கமாட்டான். அதட்டினாலும் கேட்கமாட்டான். அவளுக்குத் தெரிந்தது ஒரு வழிதான், அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"சரிடா. உன்கூட நானும் வரேன். பாப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு கேக்கறேன். சரியா சொன்னா, ஆவி உண்டுன்னு என் கடை வாசல்லயே போர்டு வச்சிடறேன். தப்பா சொன்னா, மாடியிலேர்ந்து இறங்கி நேரா ஆஸ்பத்திரி."

"சரியா சொன்னா ஆஸ்பத்திரிப் பேச்ச எடுக்கமாட்டியே?"

அந்த இடத்தில் அவள் கொஞ்சம் திணறினாள். "எடுக்கமாட்டேன்" என்றாள்.

அவன் உடனே ஒத்துக்கொண்டான். மகள் தோற்கமாட்டாள் என்று அவனுக்கு அவ்வளவு உறுதி. பிறகு அக்கா, தான் ஏமாற்றிவிட்டதாக நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்று, பதிலைத் தம்பி மனைவியின் காதில் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். ஸ்டுடியோவில் கேமரா நிற்கும் மூன்றுகால் ஸ்டாண்டுக்குப் பாப்பா ஒரு பெயர் வைத்திருந்தாள். 'ஒட்டகச்சிவிங்கி மாமா'. பள்ளிக்கூடம் விட்டு, அப்பா மற்ற பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வரும்வரை அவள் அத்தையோடு ஸ்டுடியோவில்தான் இருப்பாள். அப்போது வைத்த பெயர். இவ்வளவு நாள் கழித்து மகளைப் பற்றிப் புதிதாக ஒன்று கேட்டதும் அந்தத் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். தம்பி மனைவி கீழே ஆட்டோவிலேயே இருந்தாள். டயர் கடை மாடிப்படியில் தம்பி மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினான். அக்கா பின்னாலேயே, விழுந்தால் பிடித்துக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஏறினாள். மேலே நீலத் திரை போட்ட ஓர் அறை, நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலி, கீழேயிருந்து வரும் ரப்பர் வாடை. குரலம்மா சாதாரணமான பெண்ணாகத்தான் இருந்தாள். "எங்க அக்கா" என்று தம்பி அறிமுகப்படுத்தினான். அவள் தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் மூச்சு மாறியது.

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "பாப்பா, நம்ம ஸ்டுடியோவுல கேமரா ஸ்டாண்டு இருக்கே, அதுக்கு நீ என்ன பேரு வச்ச?"

குரலம்மாவின் உதடு லேசாக அசைந்தது. பிறகு மெல்லிய குரல் வந்தது. "அத்தை... அதெல்லாம் விளையாட்டுப் பேரு. இங்க வந்தா விளையாட்டுப் பேரெல்லாம் மறந்துடும் அத்தை. பாசம் மட்டும்தான் மறக்காது."

தம்பி பொங்கி அழுதான். "கேட்டியாக்கா? அத்தைன்னு கூப்பிட்டா!"

"அக்கான்னு நீதானேடா வாசல்லயே சொன்ன. பேரு எங்க? தப்பா சொன்னா ஆஸ்பத்திரின்னு பேசினோம்."

"தப்பா சொல்லலையே. மறந்துபோச்சுன்னுதானே சொன்னா."

ஊரார் வீட்டுச் சந்துபொந்தெல்லாம் துருவித் துருவிப் பார்த்தவள், தான் போட்ட நிபந்தனையில் இப்படி ஒரு பெரிய ஓட்டையை விட்டுவைத்திருந்தாள். சரி, தப்பு என்று இரண்டுக்கும் ஏற்பாடு செய்தவள் மறதிக்குச் செய்யவில்லை. தன் தலையில் தானே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. இனி என்ன பேசினாலும் அவன் காதில் ஏறாது. எழுந்து போயிருக்க வேண்டும்.

அவள் எழவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்தை என்று அவளை யாரும் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணின் வித்தை என்று தெரிந்தும், அந்த ஒரு சொல் அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டது.

பாப்பாவுக்கு ஒரு பழக்கம். படம் எடுக்க நிறுத்தினால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மூடி வைத்துக்கொள்வாள். படம் எடுத்ததும், உள்ளே என்ன இருக்கிறது என்று அத்தை சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தான், பென்சில் சீவல், ஒருமுறை உயிரோடு ஒரு வெட்டுக்கிளி. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாளும் அப்படித்தான் நின்றாள். அத்தை அழிரப்பர் என்றாள், சாவி என்றாள், இரண்டும் இல்லை என்று பாப்பா தலையாட்டினாள். "திரும்பி வந்து சொல்றேன் அத்தை" என்று வேனில் ஏறிப் போனவள் திரும்பவேயில்லை. ஊரார் படங்களில் பேயைத் தேடுவதைப் பார்த்துச் சிரித்தவள், கடையைச் சாத்திய பிறகு அந்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"பாப்பா" என்றாள். "அன்னைக்குக் கையில என்னடி வச்சிருந்த?"

சோதனை என்று பார்த்தால் இது சல்லிக்காசுக்குப் பெறாத கேள்வி. பதில் அவளுக்கே தெரியாது. எதைச் சொன்னாலும் மறுக்க முடியாது. அது தெரிந்தும் கேட்டாள்.

குரலம்மா புன்னகைத்தாள். "பூ அத்தை. வெள்ளைப் பூ. உங்களுக்குத்தான் வச்சிருந்தேன்."

அந்தப் பூவை அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு கணம்தான், ஆனால் முழு மனதோடு வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பக்கத்தில் நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. தம்பி எழுந்து நின்றிருந்தான்.

"பூ இல்ல" என்றான்.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லக்கா. வெறுங்கை. வேன்ல ஏறினதும் கைய விரிச்சுக் காட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. 'அத்தை எப்பப் பாத்தாலும் கண்டுபிடிச்சிடறாங்கப்பா, நான் வர்ற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருக்கட்டும், நீ சொல்லக்கூடாது'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. அதான் நான் சொல்லல."

குரலம்மா கண்ணைத் திறந்தாள். "சில நேரம் குரல் தெளிவா வராதுங்க" என்றாள், தன் சொந்தக் குரலில்.

தம்பி அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க பாப்பா அவ அத்தைக்குப் பூவெல்லாம் குடுக்கமாட்டாம்மா. ஏமாத்தத்தான் செய்வா" என்றான். பிறகு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான். "வாக்கா. கீழ ஆட்டோ நிக்குது."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருவரையும் ஒரு பிடி பிடித்தாள். அக்கா மறுபேச்சில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஊசி ஏறும்போது தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான். அவனுடைய மறு கையை இவள் பிடித்துக்கொண்டாள். ரத்தம் குழாயில் ஏறி மெஷினுக்குள் போனதைப் பார்த்த பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நம்பலன்னா ஏன்க்கா அதக் கேட்ட?"

"நம்பலடா. ஆனா அவ எங்கயாவது இருக்கமாட்டாளான்னு உனக்கு இருக்கற ஆசை எனக்கும் இருக்கு. அதான் ஒரு இடம் விடாம போய்ப் பாக்கறேன். ஆசைப்படற விஷயத்துலதான் யாரும் நம்மள சுலபமா ஏமாத்திட முடியும். நான் ஏமாறமாட்டேன்."

தம்பி அவள் பக்கம் தலையைத் திருப்பினான். "வெறுங்கைன்னு அந்தம்மா சரியா சொல்லியிருந்தா?"

"ஆவி உண்டுன்னு ஒத்துக்கிட்டிருப்பேன். போர்டும் வச்சிருப்பேன்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"அதுல பேச்சு மாறியிருப்பேன். பாப்பாவே எதுர்ல வந்து நின்னு வேணாம்னு சொல்லியிருந்தாலும், அவகூட சண்டை போட்டு உன்ன இங்க இழுத்துக்கிட்டு வந்திருப்பேன்."

தம்பி சிரித்தான். கையை ஆட்டக்கூடாது என்று நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தான்.