ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஆண்கள் வரிசை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், ஒரு சந்தையருகே பஸ் நிற்கிறது. விக்டோரியா ராணி காலத்து லண்டனில் பெண்களுக்கு வெகுகாலம் பொதுக் கழிப்பறை இல்லை, அதனாலேயே அவர்கள் வீட்டைவிட்டு அதிக தூரம் போக முடியவில்லை என்று வண்டியில் படித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கஷ்டத்தை இப்போது நானே அனுபவிக்கிறேன்.

ஆண்கள் கழிப்பறை வாசலில் மிளகாய் விற்கும் அக்கா ஒருவர் காவல் நிற்கிறார். உள்ளே பெண்கள். வெளியே வரிசையில் பதினோரு ஆண்கள், எங்கள் டிரைவர் உட்பட. முதல் ஆள் நான்.

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. பொம்பளைக கக்கூஸைப் பூட்டிட்டு, சாவி தொலைஞ்சிருச்சுன்னு குத்தகைக்காரர் சொல்லுதாரு. ஆறு மாசமா நாங்க தண்ணி குடிக்காமத்தான் யாவாரம் பாக்கோம்."

"எம்புட்டு நேரம் ஆகும்?" என்கிறார் டிரைவர்.

"சாவி கெடைக்கிற வரைக்கும்."

அந்த நேரம் பார்த்துக் குத்தகைக்காரரே வேட்டியைப் பிடித்துக்கொண்டு விரைந்து வருகிறார். அக்கா வழிவிடவில்லை. அவர் வரிசையைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார், பிறகு சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டுகிறார்.

அக்கா பூட்டைத் திறந்து பெண்களை அங்கே அனுப்புகிறார். சாவியை முந்தானையில் முடிந்துகொள்கிறார். "இனி இது எங்கிட்டயே கெடக்கட்டும். நீங்க வரிசைல நில்லுங்க மொதலாளி."

அவர் என்னைக் கெஞ்சலாகப் பார்க்கிறார். நான் இரக்க குணம் உள்ளவன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நகரவில்லை.