பரிமளா போட்ட கையெழுத்து

பரிமளாவின் தங்கை ரேவதி, பிரசவமாகி நான்கு மணி நேரம்கூட ஆகாத நிலையில் ஆம்புலன்சிலேயே இறந்துபோனாள். வண்டி செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூடவே வந்த கிராமச் செவிலியர் பிரிஸ்கில்லா, ரேவதியின் மணிக்கட்டில் வைத்த விரலை எடுக்காமல் பரிமளாவைப் பார்த்தார். பரிமளாவுக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. பிள்ளைக்கு இனி யார் பால் கொடுப்பது என்று மட்டும் தோன்றியது.

மானாம்பதிக்கு அப்பால், ஏரிக்கரையை ஒட்டி இருபது வீடுகள் கொண்ட இருளர் குடியிருப்பு அவர்களுடையது. பரிமளாவுக்கு முப்பத்தாறு வயது. நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாளில் சவுக்குத் தோப்பு வேலை. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் பத்து வயது இளையவளான ரேவதியை அவள்தான் வளர்த்தாள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியும். அச்செழுத்தை ஓட்டமாகப் படிக்க வராது.

அன்று காலை வலி கண்டதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். டாக்டர் வரவில்லை. மீட்டிங் என்றார்கள். இருந்தது ஒரே ஒரு நர்ஸ். பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த நர்ஸ் டாக்டருக்குப் போன் மேல் போன் போட்டாள், எடுக்கவில்லை. பயந்துபோன பரிமளா பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டாள். பக்கத்து ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தவர், போட்டது போட்டபடி ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. பார்த்த உடனே ஆம்புலன்சுக்குச் சொன்னது அவர்தான்.

பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் அரசாங்கம் விசாரிக்கும் என்பது பரிமளாவுக்கு அதுவரை தெரியாது. மூன்றாவது வாரம் அவளையும் ரேவதியின் புருஷன் வினோத்தையும் மாவட்டத் தலைமையிடத்துக்கு வரச் சொன்னார்கள். நீளமான மேஜை, ஏசி, ஏழெட்டு அதிகாரிகள். வினோத் தலை குனிந்தவன் நிமிரவேயில்லை.

"கிராமச் செவிலியர் எத்தனை மணிக்கு வந்தாங்க?" என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"ஒரு மணிக்கு சார். ஊசி போடப் போயிருந்தாங்க. நான் போன் பண்ணதும் வந்துட்டாங்க. டாக்டருதான் கடசி வரிக்கும்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா."

பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு தாளை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டாள். திரும்பும் பஸ்ஸில் வினோத் தூங்கினான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னென்ன ஊர் கடந்தது என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

தை முடிவதற்குள் ஊருக்கு வேறொரு நர்ஸ் வந்தாள். பரிமளா பிரிஸ்கில்லாவுக்குப் போன் செய்தாள்.

"என்னை மாத்திட்டாங்க பரிமளா. இன்க்ரிமென்ட்டும் கட். நான் லேட்டா வந்ததாலதான் ரேவதி செத்துட்டாளாம்."

"யாரும்மா அப்டி சொன்னது?"

"நீ சொன்னதா எழுதியிருக்கு."

பரிமளா போனை வைத்துவிட்டு உலை வைத்தாள். யாரைப் பற்றியோ கேட்டது போலத்தான் இருந்தது. மறுநாள் நடவில் நாற்றுக்கட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துப் பெண் உலுக்கிய பிறகுதான் குனிந்தாள்.

உத்திரமேரூரில் தாலுகா ஆபீஸ் எதிரே மனு எழுதும் வேதாசலத்திடம் போனாள். தகவல் உரிமைச் சட்டத்தில் அவளுடைய வாக்குமூலத்தின் நகலைக் கேட்டு அவர் எழுதிக் கொடுத்தார். நாற்பது நாளில் தபால் வந்தது. வேதாசலம் வாசித்தார்: "மருத்துவர் தொலைபேசி வாயிலாக உரிய ஆலோசனை வழங்கினார். கிராம சுகாதார செவிலியரின் காலதாமதமே..."

நிறுத்திவிட்டுக் கேட்டார். "கீழ கீற கையெழுத்து உன்துதானே?"

"என்துதான்."

"படிச்சிக் காட்னாங்களா?"

"இல்ல. போடுன்னாங்க, போட்டேன்."

அவர் திட்டவில்லை. மே ஒன்றாம் தேதி கிராம சபை நடக்கும், அங்கே போய்ச் சொல் என்றார்.

கிராம சபை பள்ளிக்கூட மரத்தடியில் கூடியது. குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடிந்ததும் பரிமளா எழுந்தாள்.

"ஆஸ்பத்திரி சமாச்சாரம்மா இது. இங்க இன்னாத்துக்கு?" என்றார் ஊராட்சித் தலைவர்.

"செத்தது இந்த ஊரு பொண்ணு சார். தண்டன வாங்கனது இந்த ஊரு நர்சம்மா. வேற எங்க போயி சொல்லட்டும்?"

குரல் உயரவில்லை. காலையில் நடந்ததிலிருந்து தாளில் இருந்தது வரை வரிசையாகச் சொன்னாள், அடுத்தவர் வீட்டு விஷயத்தைச் சொல்வது போல. பிரிஸ்கில்லாவிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார்கள். மறு விசாரணை வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. ஊராட்சிச் செயலர் நோட்டை நீட்டினார்.

"படிங்க சார்."

படித்தார்.

"டாக்டரு வரலன்றத காணோமே."

"அதெல்லாம் எழுதுனா பேஜாரும்மா."

"அத்த எழுதுங்க. அப்பால போடறேன்."

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "எழுதிடுய்யா" என்றார். முழுவதையும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பரிமளா கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின் நாற்பத்து மூன்று பேர் போட்டார்கள்.

ஆடியில் புதிதாக ஓர் அதிகாரி அம்மா விசாரணைக்கு வந்தார். போன் பதிவுகளை வரவழைத்துப் பார்த்தார்; டாக்டர் ஒரு போனையும் எடுக்கவில்லை என்று அதில் இருந்தது. பரிமளா சொன்னதை எழுதி, அவராகவே படித்துக் காட்டினார். பிரிஸ்கில்லாவின் தண்டனை ரத்தானது. ஆனால் பழைய இடம் கிடைக்கவில்லை. தென்னேரிப் பக்கம் போட்டார்கள். டாக்டருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அவர் வேறு ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டார். விளக்கம் என்ன சொன்னார் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

ஆர்டர் கிடைத்த அன்று பிரிஸ்கில்லா போன் செய்து அழுதார். "உன்னாலதான் பரிமளா. உனக்கு மனசு இப்ப கொஞ்சம் ஆறிச்சா?"

பரிமளா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"தெர்லம்மா. ஒன்னும் தோணல. நீங்க அழுவாதீங்க."

ரேவதியின் மாமியார் வீட்டு ஆட்கள் பிள்ளையைக் கேட்டு வந்தார்கள். பரிமளா கொடுக்கவில்லை. வினோத்தும் கேட்கவில்லை. பெயர் வைக்கக் கூப்பிட்டபோது மட்டும் வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். ஏஞ்சல் என்று வைத்திருக்கிறார்கள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. அது விழும்போதெல்லாம் பரிமளா ஓடிப் போய்த் தூக்குகிறாள்.