டாக்டர் நாச்சம்மாள் வரையச் சொன்ன படம்

தந்தி பள்ளிவாசல் தபாலாபீசுக்கு வந்து, அங்கிருந்து சித்திரபுரத்தில் என் கைக்குக் கிடைக்க மூன்று நாளாகிவிட்டது. கொல்லங்கோட்டில் டாக்டர் நாச்சம்மாள் காலமாகிவிட்டார். மழையில் மண் சரிந்து, மலையிறங்கும் பாதை அடைபட்டுக் கிடந்தது. அடக்கத்துக்கு நான் வராததற்கு அதுதான் காரணம் என்று அங்கே கூடியிருந்த உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். பாதை திறந்திருந்தால் மட்டும் வந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. நாலு வருஷமாக அவரோடு நான் பேசவில்லை.

மலபார் சென்னை ராஜ்யத்தோடு இருந்த காலத்தில் அவருடைய கண் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். காலையில் புரை அறுப்பார், மருந்து போடுவார். மற்ற நேரமெல்லாம் மாலைக்கண் ஆராய்ச்சிதான். மீன் எண்ணெய் கொடுத்தால் தீர்கிற மாலைக்கண் ஒன்று. எதைக் கொடுத்தாலும் தீராமல், பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் முழு இருட்டாகிவிடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது, சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வீடுகளில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்க, மாட்டு வண்டியில் தோட்டம் தோட்டமாகப் போவார். வந்ததும் அந்தக் குடும்பத்தின் வம்சப் படம் போடுவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பார்வை போனவருக்குக் கறுப்பு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. பெயர் கிடையாது, எண் மட்டும். அவர் பென்சிலில் கிறுக்கியதை மையில் அழகாக வரைவது என் வேலை. என் கோடு நேராக இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆரம்பத்தில் ஒரு வீட்டில் அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார், இந்தப் பெண்ணை இந்தப் பையனுக்குக் கொடுக்காதீர்கள் என்று. கல்யாணம் நின்றது. "டாக்டரம்மா படத்துல ஏறுன ஊட்டுல யாருங்க பொண்ணு எடுப்பாங்க?" என்று அந்த ஊரே ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டது. மீன் எண்ணெயில் குணமாகியிருக்க வேண்டிய ஒரு சின்னப் பெண்ணை அங்கிருந்து கொண்டுவந்தபோது கருவிழி இரண்டும் கரைந்துபோயிருந்தன. அன்று டாக்டரம்மா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒரே பிடிவாதம்தான்: "கேட்டா பொய் சொல்ல மாட்டேனுங்க. கேக்காதவங்ககிட்டப் போயிச் சொல்லவும் மாட்டேன்."

சென்னையில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் அவர் கட்டுரை படித்தபோது, எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று கேட்டார்கள். சொல்ல மறுத்தார். கட்டுரை அச்சேறவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரோ, "அச்சுல வராட்டிப் போகுதுங்க. நாளைக்கு ஆளுங்க நம்பி வரோணுமல்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

என் தங்கைக்கு மாமன் மகனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். டாக்டரம்மா ஒரு படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பாத்து வரையுங்க கம்பவுண்டர். அவசரமில்லீங்க." அதில் ஒரு சதுரம் கறுப்பு. ஓர் இரட்டைக் கோடு மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தது. இனிமேல் நடக்கப்போகிற கல்யாணம் என்று அர்த்தம். வரைந்து கொடுத்தேன்.

"முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சாச்சுங்க."

"ஏனுங்க, ஒண்ணுமே கேக்கலீங்களே?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்துக்கு வந்தவர் என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெருமை.

தங்கை மகனுக்கு நாலு வயதானபோது, விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தான். மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தேன். பலனில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போய், "எங்க ஊட்டுல இது யாருக்குங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். அன்றுதான் கேட்டேன். டாக்டரம்மா அந்தப் பழைய படத்தை எடுத்து மேசையில் விரித்தார். கறுப்புச் சதுரம் என் மாமனின் மூத்த மகன், மாப்பிள்ளைக்கு அண்ணன். கோயமுத்தூர் மில்லில் வேலை என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவந்தார். உண்மையில் அத்தையின் பிறந்த ஊர்த் தோட்டத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். வெளியே தெரிந்தால் தன் பெண்கள் கரையேற மாட்டார்கள் என்று டாக்டரம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பக்கத்துக் கிளையில் மூன்று சதுரம், கடைசியில் ஒரு வட்டம். நடுச் சதுரத்தில் விரலை வைத்து, "இது நீங்க" என்றார். நானே ஸ்கேல் வைத்து என்னை நாலு கோட்டுக்குள் அடைத்திருக்கிறேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க!" என்று கத்தினேன்.

"நீங்க கேப்பீங்கன்னுதானுங்க உங்க கையில குடுத்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "இது உங்க ஊட்டுது, நீங்களே வெச்சுக்கங்க" என்று படத்தையும் கொடுத்துவிட்டார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு மலையேறினேன். தங்கையிடம், பையனுக்கு அம்மை வந்த சூட்டில் பார்வை குறைந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

இப்போது அத்தை இல்லை, அந்த மூத்த மகனும் இல்லை. அத்தையின் பெண்கள் புருஷன் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். அந்தச் சத்தியம் இனி யாரையும் கட்டாது. என் தங்கைக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் இதை எழுதவே எனக்குக் கை வருகிறது.

தந்தி வருவதற்குப் பத்து நாள் முன்பு அவள் மகனோடு இங்கே வந்தாள். முழுகாமல் இருக்கிறாள். என் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டே, "பொறக்கறதுக்காவது கண்ணு நல்லா இருக்குமாங்ண்ணா?" என்று கேட்டாள். படம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. "நல்லா இருக்கும் தாயி" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. டாக்டரம்மா மேல் நாலு வருஷம் சுமந்த கோபம் அந்த நிமிஷமே என்னை விட்டுப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன். தந்தி முந்திக்கொண்டது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் படமும், கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்ற அவருடைய பேச்சும்தான். பாதை இன்னும் திறக்கவில்லை. தங்கையும் போக முடியாமல் இங்கேயே இருக்கிறாள். இன்னொரு தடவை கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று காத்திருக்கிறேன். சாயங்காலம் பையனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருகிறாள், விளக்கேற்றுகிறாள், எனக்குச் சோறு போடுகிறாள். அவள் கேட்கவில்லை.