உள்ளே விட்ட துணி

எங்கள் தையல்கடை மாஸ்டருக்குத் தெருவில் வைத்த பெயர் மில்லிமீட்டர். ஆள் வாசலில் நுழையும்போதே இடுப்பு அளவைச் சொல்லிவிடுவார். டேப் வைத்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். நான் அங்கே காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவள்.

அப்படிப்பட்ட கண்ணுக்குப் பெற்ற மகன் இளைப்பது தெரியாமல் போகுமா? தெரிந்தது. கூத்தே அதுதான்.

மகன் கல்லூரியில் ஓட்டப்பந்தய வீரன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லி வைத்தான். முதலில் இனிப்பை விட்டான், பிறகு எண்ணெய் பட்டதை, பிறகு இரவுச் சாப்பாட்டையே. அம்மா கேட்டால் "வெளியே சாப்பிட்டுட்டேன்" என்பான். பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனால் கடைக்குக் கொண்டுவருவான். மாஸ்டர் பின் தையலைப் பிரித்து, பிடித்துக் கொடுப்பார். "ஓடுற உடம்பு, சதை போடுமா?" என்று பெருமை வேறு. சில மாதங்களில் உள்ளே மடிந்த துணி தடித்துப்போனது. உறுத்தும் என்று அதை வெட்டியே போட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிடத்தானே உள்ளே துணி விடுகிறோம்?

"என்ன மாஸ்டர், வெட்டிட்டீங்க?"

"நீ காஜாவைப் பாரு" என்றார். பார்த்தேன்.

கொஞ்ச நாளில் பையன் மைதானத்தில் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பு கவலைப்படும் அளவுக்குக் குறைந்திருந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இது டயட்டும் இல்ல, பிடிவாதமும் இல்ல. நோய். சாப்பாட்டைக் கண்டாலே பயப்பட வைக்கிற நோய்."

"ஆம்பளைப் பையனுக்குமா டாக்டர்?" என்றார் மாஸ்டர்.

"வரும். யாரும் சந்தேகப்படாததால லேட்டாத்தான் தெரியும். யார் தப்புன்னு தேடாதீங்க. சாப்பாடுதான் இப்ப மருந்து."

வார்டில் கொஞ்ச காலம் வைத்திருந்து, உடம்பு தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேளை தவறக் கூடாது, பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உடம்பைப் பற்றிப் பேச்சே கூடாது, நல்லதாகக்கூட. ஓட்டம் இப்போதைக்குக் கிடையாது. வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். அங்கே எடை பார்க்கும்போது எண் தெரியும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவன் எடை அவனுக்கே தெரியக் கூடாது. எடை இறங்கினால் திரும்பவும் வார்டுதான். பழைய சின்ன துணிகளை எடுத்துவிடுங்கள் என்றும் டாக்டரம்மா சொன்னார். "துணி விஷயத்தை நமக்குச் சொல்ல வந்துட்டாங்க, தையலைப் பிரிச்சு விட்டாப் போச்சு" என்று மாஸ்டர் அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் அம்மாவுக்குப் பகலில் வேலை. அதனால் மதியச் சாப்பாடு கடையில், வெட்டுமேசையில். மாஸ்டர், பையன், நான். ஒரு கவளத்தை அவன் விழுங்குவதற்குள் எனக்கு யுகம் போகும். நானோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். பக்கத்து வீட்டுக்காரியின் சண்டை, பஸ் கண்டக்டரின் மீசை என்று வாய்க்கு வந்ததைப் பேசுவேன். சிலநாள் சிரித்தான். சிலநாள் அழுதுகொண்டே சாப்பிட்டான். நிறுத்தவில்லை.

ஒருநாள் அரைக்கால் சட்டையோடு வந்து, பேன்ட்டை மேசைமேல் எறிந்தான்.

"பட்டன் போட முடியல. பெருத்துட்டேன். எனக்குச் சாப்பாடு வேணாம்."

தட்டைத் தள்ளினான். பட்ட பாடெல்லாம் ஒரு பட்டனில் போய்விடும் போலிருந்தது.

"இரு, பிரிச்சு விடறேன்" என்று மாஸ்டர் பின் தையலைத் திருப்பினார். உள்ளே விரல் நகம் அளவுகூடத் துணி இல்லை. வெட்டிய கை அவருடையதுதான். அவர் முகம் செத்துப்போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அது ஓர் அதிசயம்.

கத்தரிக்கோலை எடுத்தார். பேன்ட்டை நெடுக வெட்டி, மெஷின் எண்ணெய் துடைக்கும் துணிகளோடு போட்டார்.

"உடம்பு சரியாத்தான் இருக்கு. துணிதான் தப்பு. தச்சது நான்."

எத்தனையோ வாடிக்கையாளர்கள் சண்டை போட்டும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

அலமாரியிலிருந்து புதுத் துணியை இறக்கி, தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். டேப்பைத் தொடவில்லை. மகன் இடுப்பைப் பார்க்கவும் இல்லை. சாக்கட்டியால் தாராளமாகக் கோடு போட்டார்.

பையன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள எவ்வளவு துணி விடறீங்க?"

"நாலு விரல்."

"அதுவும் பத்தலேன்னா?"

"வேற தைக்கறேன். வேற என்ன வேலை எனக்கு?"

மாஸ்டர் கோட்டுக்கு வெளியே கத்தரிக்கோலை ஓட்டினார். பிறகு அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"கண்டக்டர் மீசை என்னாச்சுக்கா?" என்று என்னைக் கேட்டான்.