தாய்ச்சி இல்லாத கடன்

‘2006 நவம்பர், செவ்வாய். மழை. தங்கைக்கு வெள்ளி வரைதான் தவணை.’ அன்றைய என் குறிப்பு இவ்வளவுதான். தங்கை என்னுடையவள் அல்ல. பிரெஞ்சு பேசும் எங்கள் கனடிய நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னோடு துப்புரவு வேலை செய்த டோகோ நாட்டுப் பெண்ணின் தங்கை. லோமே நகரச் சந்தையில் மீன் விற்றவள்.

மீன் வைக்க ஒரு ப்ரீசர் வாங்கச் சிறுகடன் எடுத்திருந்தாள். நகையோ காணியோ ஈடு கேட்காத கடன். ஐந்து பெண்கள் சேர்ந்து எடுக்க வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். ஒருத்தி ஊரை விட்டே போய்விட்டாள்.

இதை டோகோப் பெண் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது, எங்களோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா உடனே தீர்ப்புச் சொன்னார். அவர் வருடக்கணக்காகச் சீட்டு நடத்துபவர்.

“ஓடினவளின்ரை காசுக்கு இவள் ஏன் அழுறாள்? சீட்டை நடத்திற தாய்ச்சியெல்லோ பொறுப்பு! தன்ரை பங்கை மட்டும் கட்டட்டும்.”

“இது சீட்டில்லை அக்கா. அங்கை தாய்ச்சியே இல்லையாம்,” என்றேன்.

“தாய்ச்சி இல்லாமல் ஆர் காசு குடுப்பினம்? உமக்குப் புத்தகம் வாசிச்சு வாசிச்சு மண்டை பழுத்துப்போச்சு.”

ஒருவன் சீட்டை எடுத்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு ஓடியபோது தாலிக்கொடியை அடகு வைத்து எல்லோருக்கும் கொடுத்தவர் அவர். வேறு முறை இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. என்னைவிட நல்ல பிரெஞ்சில் அவளுக்கும் அதையே விளக்கினார். அவள் அன்று மாலையே தங்கைக்கு ஃபோன் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தங்கை தன் பங்கை மட்டும் கட்டினாள். ஓடியவளின் பங்கை மற்ற மூவரும் பிரித்துக் கட்டினார்கள். கடன் கொடுத்த இடத்திலிருந்து யாரும் வரவில்லை. ஞாயிறன்று அந்த மூவரும்தான் வந்தார்கள். மீனை முற்றத்தில் கொட்டிவிட்டு ப்ரீசரைத் தூக்கிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி தங்கையின் பிரசவத்துக்குத் துணை நின்றவள்.

“அப்ப காசு குடுத்தவன் என்ன சொன்னவன்?” என்று அக்கா என்னிடம் கேட்டார்.

“காசு முழுக்க வந்திட்டுது எண்டு சொன்னவனாம்,” என்றேன்.

அக்கா அதற்குமேல் சாப்பிடவில்லை. அடுத்த சம்பள நாளில் டோகோப் பெண்ணிடம் காசு வைத்த ஓர் உறையைக் கொடுத்தார். அவள் வாங்கினாள், நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லவில்லை. பிறகு வேறு மேசையில் சாப்பிட்டாள். தைமாதம் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

தங்கை எல்லை தாண்டி கானாவுக்குப் போனதாக, அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் எங்கள் நகரின் வில்லரே பகுதியில் என்னைக் கண்டபோது சொன்னார். அந்தப் பணம் வந்து சேர்ந்த பிறகு போனாளா, அதற்கு முன்பே போய்விட்டாளா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.