மூன்று தெர்மாமீட்டர்

என் அக்கா வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடைத்தெருவில் அவருக்கு மீட்டர் என்றே பெயர். எந்த ஃபிரிட்ஜைக் கொண்டுபோனாலும் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவார். "மெஷின் பொய் சொல்லாது, மீட்டர்தான் சொல்லும்" என்று முப்பது வருஷமாக எங்கள் உயிரை வாங்கியவர்.

ரத்தப் புற்றுநோய் என்று வந்த ரிப்போர்ட்டையும் நம்பாமல் மூன்று லேப் ஏறி இறங்கினார். மூன்றிலும் அதேதான். கீமோ ஆரம்பித்ததும் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "கிருமியோட சண்டை போட உங்க ரத்தத்துல இப்ப ஆளே இல்ல. காய்ச்சல் நூறைத் தாண்டிச்சுன்னா மாத்திரை போட்டுட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே கிளம்பி வந்துடணும்."

ஒரு ஞாயிறு மதியம் தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பேட்டரியை மாற்றினார்! மறுபடியும் நூற்றொன்று. பட்டறையிலிருந்து ஒன்று, பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று என்று என்னை விரட்டி வாங்கிவரச் செய்தார். மூன்றின் நுனியையும் வெந்நீர் டம்ளரில் முக்கி ஒப்பிட்டார். நானும் வேலை மெனக்கெட்டு எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அக்கா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். மூன்றையும் துடைத்து, ஒவ்வொன்றாகத் தன் அக்குளில் வைத்து எடுத்தாள். மூன்றும் தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை.

"எனக்கு மூணும் சரியாத்தானே காட்டுது? இப்ப சொல்லுங்க, கோளாறு மீட்டர்லயா, மெஷின்லயா?"

மச்சான் எழுந்தார்.

"என் செருப்பு எங்க?" என்றார்.

ஆஸ்பத்திரியில் கிருமிப் பரிசோதனைக்கு இரண்டு சின்ன பாட்டிலில் ரத்தம் எடுத்த கையோடு மருந்து ஏற்றினார்கள். அதற்குள்ளேயே ரத்த அழுத்தம் சரிய ஆரம்பித்துவிட்டது. மறுநாள் டாக்டரம்மா, "ரத்தத்துல கிருமி வளர்ந்திருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா ஆளே கிடைச்சிருக்க மாட்டாரு" என்றார்.

பத்தாம் நாள் மச்சான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். தெம்பு வந்ததும் சந்தேகமும் வந்துவிட்டது.

"ஏம்மா, அன்னிக்கு உனக்கும் நூத்தொண்ணு காட்டியிருந்தா? மீட்டர்தான் கோளாறுன்னு விட்டிருப்பதானே?"

"ரெண்டு பேருமா இங்க வந்து படுத்திருப்போம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, அத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள்.